மேகம் விலகினால்தான் தரிசனம்

ஊட்டிப் பக்கம் பாம்பு பார்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். "அந்தக் குளிர்ல பாம்பு எங்கடா இருக்கும்?" என்றார் அம்மா. முதல் இரண்டு நாள் அம்மா வாக்குதான் பலித்தது. எமரால்டு என்ற மலைக் கிராமத்தில் அறை, ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்கார்ந்தது. அக்டோபரில் மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் என்று போட்ட கணக்கு தப்பு. பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தது. ஜீப் ஓட்டி வந்த அண்ணன் சாலையோர முட்புதரைக் காட்டி, "அவசரப்படாம பாருங்க தம்பி" என்றார். பாசி படிந்த குச்சி ஒன்று தெரிந்தது. பிறகு குச்சி கண்ணை உருட்டியது.

நீலகிரி முள் ஓணான். முதுகில் ரம்பம் போல முள் வரிசை, கரடுமுரடான பெரிய செதில்கள், பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பு. ஓடவே இல்லை. எங்கள் ஊர் ஓணான் என்றால் நாம் குனிவதற்குள் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கும் (பள்ளி நாட்களில் கல்லெடுத்த பாவிகளில் நானும் ஒருவன்). இது உடம்பைச் சாய்த்து வெயிலை வாங்கிக்கொண்டிருந்தது. உடம்பு சூடேறாமல் இதற்குக் கால் நகராது. அது உட்கார்ந்திருந்த மஞ்சள் பூ முட்செடி வெள்ளைக்காரன் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. புல்வெளியைத் தின்னும் களை என்று அதைத் திட்டிக்கொண்டே வந்தவன், அதன் முள்ளுக்குள் இந்த மலைக்காரன் பத்திரமாக இருப்பதைப் பார்த்து வாயடைத்துப் போனேன்.

கேரட் தோட்டத்தில் அடுத்தது. களைக்கொத்தால் மண்ணைப் புரட்டிய அக்கா ஒருவர், "இதையும் படம் பிடிங்க" என்று ஒன்றை மண்ணோடு அள்ளி வரப்பில் விட்டார். அரையடிக்குக் கொஞ்சம் கூட, பழுப்பு நிறம், வால் நுனியில் குட்டி முள். மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழு தின்னும் பாம்பு. விஷமில்லை. நான் கேமராவைச் சரிசெய்வதற்குள் தலையைப் புதைத்துவிட்டது. என்னிடம் இருப்பது வால் படம் மட்டும்.

இந்தப் பாம்பின் அறிவியல் பெயரில் 'பெரொத்தே' என்று ஒருவர் ஒட்டியிருக்கிறார். சுவிட்சர்லாந்தில் பிறந்து, புதுச்சேரியில் 1870-ல் இறந்துபோன தாவரவியலாளர். செடி தேடி இந்த மலை ஏறியவர் பெயரில் 1854-ல் மூன்று பாம்புகள் பெயர் பெற்றன. இரண்டாவதை அன்று மதியமே புல்சரிவில் பார்த்தேன்: மலைப் புல்வெளியில் வாழும் பச்சைப் பாம்பு. கீழ்நாட்டில் பச்சைப் பாம்பைக் 'கண்கொத்தி' என்பார்கள். கிளையில் தொங்கி கண்ணைக் குறிவைக்குமாம்! இதுவோ மூக்கு மழுங்கி, தரையோடு புல்லுக்குள் ஊர்கிறது. கொத்த நினைத்தாலும் கணுக்காலைத்தான் எட்டும். சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டதுபோக மிச்சம் இருப்பதுதான் அந்தப் புல்வெளி.

மண்ணுக்குள் ஒன்று, புல்லில் ஒன்று. ஆனால் இரண்டுமே முட்டையிடாமல் குட்டி போடுபவை. குளிர்ந்து ஊறிக்கிடக்கும் மண்ணில் முட்டையை விட்டால் பொரிய வெப்பம் கிடைப்பது சிரமம். வயிற்றிலேயே வைத்திருந்தால், தாய் சூடான இடம் தேடி நகரும்போது குஞ்சும் கூடவே நகரும். முள் ஓணான் மட்டும் பிடிவாதமாக முட்டைதான் இடுகிறது.

நாலு மணிக்கு மறுபடி மேகம். திரும்பும் ஒற்றையடிப் பாதையில் அண்ணன் கையை நீட்டி என்னை நிறுத்தினார். சருகு நிறத்தில் ஒரு சுருள். பிடரியில் லாட வடிவக் குறி, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே சின்னக் குழி. இரையின் உடல் சூட்டை அறியும் குழி அது. லாடக் குழிவிரியன்! இதுவும் குட்டி போடுவதுதான். விஷம் உண்டு, அவசரம் இல்லை. கால் மணி நேரம் நின்றோம். அது அசையவில்லை. கடைசியில் நாங்கள்தான் சரிவில் இறங்கி, சேற்றில் வழுக்கி, சுற்றிப் போனோம்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன் அதே பாதைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு முழம் தள்ளி, புல் திட்டின் ஓரத்தில், தலைமேல் மழைத்துளியோடு அப்படியே சுருண்டிருந்தது.