இசைக் காணொளியைத் தேர்வில் பகுத்தெழுதுதல்: வடசென்னை விஸ்காம் மாணவர்களுக்கு

விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் படிப்பில் ஊடகப் பகுப்பாய்வுத் தாள் எழுதவிருக்கும் நம் பகுதி மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தண்டையார்பேட்டையில் வளர்ந்து, அந்தத் தாளை எழுதித் தேறி, இப்போது இளையவர்களின் பயிற்சி விடைகளைத் திருத்திக் கொடுப்பவன் என்ற முறையில், முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஒரு காணொளியை ஊடக மொழி (ஷாட், ஒளி, வெட்டு முதலியவற்றால் பொருள் சொல்லும் விதம்), பிரதிநிதித்துவம் (மக்களையும் இடங்களையும் காட்டும் விதம்) என்னும் இரு கோணங்களில் ஆராயச் சொன்னால், பலர் முதல் பாதியில் ஷாட்டுகளின் பெயர்களை அடுக்கிவிட்டு, இரண்டாம் பாதியில் சமூகத்தைப் பற்றிய தம் கருத்தை எழுதுகிறார்கள். முன்பாதியில் எழுதிய லோ ஆங்கிளுக்கும் (கீழிருந்து மேல்நோக்கி எடுத்த ஷாட்), பின்பாதியில் எழுதிய ‘எளிய மக்கள் இழிவாகக் காட்டப்படுகிறார்கள்’ என்ற முடிவுக்கும் தொடர்பே இருப்பதில்லை. மதிப்பெண் போவது அங்கேதான்.

பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1997இல் வெளிவந்த நூலில் பிரதிநிதித்துவத்தை மூன்று வகையாகப் பார்க்கலாம் என்றார். உலகில் இருப்பதை மொழி அப்படியே பிரதிபலிக்கிறது என்பது ஒன்று. படைத்தவர் நினைத்ததே பொருள் என்பது மற்றொன்று. பொருள் என்பது சொல், படம் போன்ற குறிகளின் வழியாகக் கட்டமைக்கப்படுகிறது என்பது மூன்றாவது. ஹால் நின்றது மூன்றாவதன் பக்கம். நம் மீன்பிடித் துறைமுகப் பகுதியைக் காட்டும் ஒரு காணொளியைப் பற்றி ‘காசிமேடு உண்மையில் இப்படி இல்லை’ என்று நீங்கள் எழுதும்போது, அது எவ்வளவு நியாயமான கோபமாக இருந்தாலும், முதல் வகைக்குள் போய்விடுகிறீர்கள். எந்தெந்தத் தெரிவுகளால் இந்தக் காணொளி எப்படிப்பட்ட ஒரு காசிமேட்டை உருவாக்குகிறது என்று கேட்டால்தான் ஊடக மொழியும் பிரதிநிதித்துவமும் ஒரே விடையாகின்றன.

ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஐஸ் பெட்டியின்மேல் லுங்கியை மடித்துக் கட்டிய இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கேமரா அவருடைய முழங்கால் உயரத்திலிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. பின்னால் உதிக்கும் சூரியனால் முகம் நிழலாகிவிடுகிறது. முழுச் சட்டகத்துக்கும் (ஃபிரேம்) பழுப்பு மஞ்சள் நிறம் ஏற்றப்பட்டிருக்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலண்ட் பார்த் 1957இல் விளக்கிய வழியில் போனால், நேர்ப்பொருள் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்; உட்பொருள் அடங்காத வலிமை, கொஞ்சம் ஆபத்து; இவை திரும்பத் திரும்ப வந்து, ‘வடசென்னை என்றாலே முரட்டுத்தனம்’ என்பது இயற்கையான உண்மைபோல் ஆகிவிடுவதுதான் அவர் சொல்லும் தொன்மம். இப்போது ஓரிரு கூறுகளை மட்டும் மாற்றிப் பாருங்கள். குறிகளை ஆராயும் குறியியலில் இதற்கு மாற்றுச் சோதனை என்று பெயர். கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, வெயிலை முன்பக்கமிருந்து முகத்தில் விழச் செய்தால், அதே ஆள் ஏலம் முடிந்து இன்றைய கூலியைக் கணக்குப் பார்க்கும் தொழிலாளியாகிவிடுகிறார். லுங்கியும் மாறவில்லை, இடமும் மாறவில்லை. அப்படியானால் முரட்டுத்தனம் கேமரா வைத்த உயரத்திலும் ஒளியிலும்தான் இருக்கிறது என்று உறுதியாக எழுதலாம். சட்டகத்தில் இல்லாதவர்களையும் கவனியுங்கள்: அதே துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்துபோகும் பெண்கள் ஏன் ஒரு ஷாட்டில்கூட வரவில்லை என்பதும் விடையின் ஒரு பகுதியே.

இசைக் காணொளிக்கென்றே உள்ள கோட்பாடு ஆண்ட்ரூ குட்வின் 1992இல் தந்தது. பாடல் வரிகளைக் காட்சி அப்படியே விளக்கலாம், அதற்கு மேலாக விரித்துச் செல்லலாம், அல்லது வரிகளோடு ஒட்டாமல் விலகி நிற்கலாம் என்பது அவருடைய பகுப்பு. நம் வட்டாரத்திலிருந்தே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2017இல் வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடல். கபேர் வாசுகி பேச்சுத்தமிழில் எழுதியதை டி.எம். கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடினார். படமாக்கப்பட்ட இடம் எண்ணூர்க் கழிமுகம். சபா அரங்கோடு நாம் சேர்த்தே நினைத்துப் பழகிய இசை வடிவம், அனல்மின் நிலையங்கள் சூழ்ந்த சதுப்பு நிலத்தில் ஒலிக்கும்போது, இடமே வாதத்தின் பாதியைச் சொல்லிவிடுகிறது. வரிகளைக் காட்சி விரித்துச் செல்கிறது என்பதோடு, இசை மரபுக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இழுபறியையும் சேர்த்து எழுதினால், குட்வினின் பெயரை மட்டும் சொல்லிச் செல்பவரிடமிருந்து உங்கள் விடை தனித்துத் தெரியும்.

இனி நம்மவர்கள் தாங்களே எடுத்து யூடியூபில் ஏற்றும் கானாப் பாடல்கள். சாவு வீடுகளில் பாடப்பட்டு வளர்ந்த மரபு, பெரிய நிறுவனங்களின் தயவில்லாமல் தன் கேமராவால் தன்னைக் காட்டுவது எனக்கு மிகப் பெரிய விஷயம். ஆனால் நம் கையில் கேமரா வந்துவிட்டதாலேயே சித்திரிப்பு நியாயமாகிவிடாது. காதல் தோல்விக் கானாக்கள் பலவற்றில் பெண்ணுக்கு ஒரு வரிகூடக் கிடையாது; கொலுசு, கூந்தல், திரும்பி நடக்கும் முதுகு என்று துண்டு துண்டாகவே அவள் வருகிறாள்; பாடுபவருக்கோ முழு முகம், நீண்ட க்ளோசப், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். ஆண் நோக்கு, அதாவது பெண்ணை ஆணின் பார்வைக்குரிய பொருளாகவே கேமரா காட்டுவது பற்றித் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் சொன்னது பொதுச் சினிமாவைக் குறித்து. இங்கே அதைப் பொருத்தும்போது, வெளியார் தங்களைக் காட்டிய விதத்தால் காயப்பட்டவர்கள், தங்கள் வீட்டுப் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. ஊர்ப்பற்று இதை மறைக்க அனுமதிக்காதீர்கள். இதை எழுதத் துணிந்த விடைகள்தான் நான் படித்தவற்றில் ஆழமானவை.

ஹாலின் 1973ஆம் ஆண்டுக் கட்டுரையில் வரும் மூன்று வகை வாசிப்புகளை (முன்வைக்கும் பொருளை அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி மறுக்கும் இடைப்பட்டது, எதிர்ப்பு) கடைசிப் பத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு வாசிப்பு என்பது ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதல்ல. காணொளி முன்வைக்கும் பொருளைப் புரிந்துகொண்டே, வேறொரு நிலைப்பாட்டிலிருந்து அதை மறுப்பது. காதல் தோல்விக் கானாவின் தாளத்தை ரசித்துக்கொண்டே அதன் பழிச்சொல்லை ஏற்காத ராயபுரத்துக் கல்லூரிப் பெண்ணின் வாசிப்பு இடைப்பட்டது. அந்தப் பழியை எழுப்பும் பார்வையையே அடியோடு நிராகரித்தால்தான் அது எதிர்ப்பு.

தேர்வறையில் காணொளியைத் திரையிடும்போது முதல் முறை எதுவும் எழுதாமல் பாருங்கள். இரண்டாம் முறை தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் ஷாட், ஒளி, வெட்டு, உடை ஆகியவற்றை மட்டும் குறியுங்கள். வலப்பக்கத்தைத் திரையிடல் முடிந்த பிறகு நிரப்பினால் போதும்: இடப்பக்கக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் நேரே, அதனால் யாருக்கு வலிமை கூடுகிறது, யார் சட்டகத்துக்கு வெளியே போகிறார் என்று ஒரு வரி. நேரே எழுத எதுவும் கிடைக்காத ஷாட்டை விடையில் சேர்க்க வேண்டாம்.