கிருஷ்ணகிரியில் ஒரு பெர்லின் ட்ரா

மாம்பழ சீசனில் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினால் காவேரிப்பட்டணம் தாண்டியதும் மாங்காய் லோடு வண்டிகள்தான். பெரும்பாலும் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய். செஸ் போட்டி ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில்.

மூன்றாவது ரவுண்டில் எனக்கு வெள்ளை. எதிரே ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயி, அறுபது தாண்டியவர். நான் ருய் லோபஸ் என்ற தொடக்கத்தை ஆட, அவர் குதிரையை எஃப்6 கட்டத்தில் வைத்தார். ருய் லோபஸுக்குக் கருப்பு ஆடும் பதில்களில் ஒன்றான பெர்லின் டிஃபென்ஸ்! எட்டாவது மூவுக்குள் ராணிகள் இரண்டும் போய்விட்டன. அவர் ராஜா காஸ்லிங் (ராஜாவை ஓரமாக ஒதுக்கி யானையைப் பக்கத்தில் வைக்கும் மூவ்) செய்ய முடியாமல் டி8-இல் நிற்கிறது, சி வரிசையில் இரட்டைச் சிப்பாய். பார்த்தால் வெள்ளைக்குத்தான் மேல்கை என்று தோன்றும். 2000-இல் லண்டன் உலகப் பட்ட மேட்ச்சில் கிராம்னிக் இதை ஆட, சாம்பியன் காஸ்பரோவ் நான்கு ஆட்டம் உடைக்கப் பார்த்தார், நான்கும் ட்ரா. ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கிராம்னிக் உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

ராஜா பக்கம் வெள்ளைக்கு மூன்றுக்கு நான்கு சிப்பாய். மற்ற காய்கள் எல்லாம் ஒழிந்தால் வெள்ளை ஜெயிக்கும். பெரியவர் ஒழிய விடவில்லை. கருப்புக் கட்டங்களில் மட்டும் ஓடும் கருங்கட்ட பிஷப்பைக் கொடுத்து என் குதிரையை எடுத்தார். யானைகளும் மிச்சக் குதிரைகளும் வெட்டுப்பட்டபோது என்னிடம் கருங்கட்ட பிஷப், அவரிடம் வெள்ளைக்கட்ட பிஷப். எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் அவர் ராஜா இ6-இல் உட்கார்ந்துவிட்டது. எஃப்5-ஐ பிஷப்பும் சேர்ந்து காக்கிறது. இரண்டுமே வெள்ளைக் கட்டம், என் பிஷப் அங்கே எட்டவே முடியாது.

"ட்ரா வச்சுக்கலாமா சார்?"

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்க தம்பி. அப்புறம் ஜெயிச்சிருக்கலாமேன்னு ராத்திரி தூக்கம் வராது."

தள்ளிப் பார்த்தேன். ஒரு கட்டம் நகரவில்லை. கை குலுக்கினோம். ஸ்கோர் ஷீட்டில் அரைப் புள்ளிதான் விழுந்தது. இந்தப் போட்டியில் நான் ஆடியதிலேயே எனக்குப் பிடித்த ஆட்டம் இதுதான்.

வெளியே டீக்கடை பெஞ்சில் சின்ன காந்த போர்டை விரித்தார். 2013 சென்னை உலகப் பட்ட மேட்ச்சில் ஆனந்தும் கார்ல்சனும் 64 மூவ் ஆடி ட்ரா செய்த நான்காவது ஆட்டம் இதே பெர்லின்தான். அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாராம். "ராணி போகாம இருக்கணும்னா நாலாவது மூவ்ல டி3 ஆடுங்க" என்றார்.

சாயங்காலம் மலைக்கோட்டை ஏறினேன். 1791-இல் திப்பு சுல்தானுடனான போரில் மாக்ஸ்வெல்லின் ஆங்கிலப் படை கீழே பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டைக்குள் நுழைய முடியாமல் திரும்பிய இடம். பாதிப் பாறையில் உட்கார்ந்து டி3-க்குப் பிறகு கருப்பு பிஷப் சி5-க்கு வந்தால் என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சி3 ஆடி டி4-க்குத் தயாராவது சரியாக வருகிறது.