சம்பளத்துக்குச் சம்பளம் சேர்ந்த வில்

எனக்கு முதலில் ஆசை வந்தது ரைபிள் மேல்தான். ஆனால் இங்கே இலங்கையில் துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம், அதை வருடாவருடம் புதுப்பிக்கும் வேலை என்று போகும். வெள்ளவத்தையில் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் அதைப் பூட்டி வைக்கவும் இடமில்லை. நிதானமாக நின்று குறி பார்ப்பதுதானே எனக்குப் பிடித்தது, அது வில்லிலும் இருக்கிறது என்று வில்லுக்கு வந்தேன்.

முதல் நான்கு மாதம் எதுவுமே வாங்கவில்லை. பயிற்சி இடத்தில் கிடந்த 18 றாத்தல் மர வில்லால் எய்தேன். வில்லுக்கு றாத்தல் என்றால் நாணை இழுக்க வேண்டிய பலம். அந்த நாட்களில்தான் என் இழுப்பு நீளம், அதாவது நாணை நான் இழுக்கும் தூரம், இருபத்தாறரை அங்குலம் என்று நிலைத்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு கிழமையும் அது மாறிக்கொண்டே இருந்தது. அம்பின் நீளம் அதைப் பொறுத்ததுதான், அந்த நேரம் அம்பு வாங்கியிருந்தால் காசு வீண்.

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. புது வில் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதே வருடம்தான் நிறையப் பேர் சாமான்களை விற்றுவிட்டு வெளிநாடு போனார்கள். தெஹிவளையில் ஒரு தம்பி கனடா போவதால் வில்லை விற்கிறான் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிறு பின்னேரம் போனேன். 25 அங்குல அலுமினிய ரைசர், அதாவது நடுக் கைப்பிடி. அதன் மேலும் கீழும் பூட்டும், வளைந்து கொடுக்கும் 34 றாத்தல் லிம்ப் ஒரு சோடி. குறி பார்க்கும் சைட் ஒன்று. ரைசர் ஐ.எல்.எஃப் பொருத்துள்ளது. அதாவது, அந்தப் பொருத்தில் வரும் எந்தக் கம்பெனி லிம்பும் அதில் ஏறும். கைப்பிடியை ஒரு தடவை வாங்கினால் போதும், லிம்பை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். கைச்செலவு பார்ப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் வில்லில் இல்லை.

நாணைப் பூட்டி, வில்லைக் கதிரை முதுகில் சாய்த்துவிட்டு, பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். நாண் இரண்டு லிம்பையும் சரிநடுவாகப் பிரித்துக்கொண்டு போனது. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் லிம்ப் முறுகியிருக்கலாம். பிறகு பஞ்சுத் துண்டொன்றை லிம்பின் ஓரமெல்லாம் மெதுவாக இழுத்தேன். வெடிப்பு இருந்தால் பஞ்சு சிக்கும். சிக்கவில்லை. 60,000 ரூபாவுக்குப் பேசி முடித்து, 101 பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த 34 றாத்தல் லிம்பை மாட்டி எய்யப் பார்த்தேன். பன்னிரண்டாவது அம்பிலேயே இடது தோள் மேலே ஏறிவிட்டது. பயிற்சி தரும் அண்ணா பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, அதைத் துணியில சுத்தி அலுமாரியில வையும். இப்ப உமக்கு 24 காணும்." மனம் வரவில்லை, ஆனாலும் கேட்டேன். மரமும் ஃபைபர் கிளாஸும் சேர்ந்த 24 றாத்தல் லிம்ப், இருப்பதிலேயே மலிவானது, அதை வாங்கினேன். லிம்பில் எழுதியிருக்கும் எடை 28 அங்குல இழுப்புக்கு உரியது. பயணப்பெட்டி நிறுக்கும் கொளுக்கித் தராசை நாணில் மாட்டி என் நீளத்துக்கு இழுத்துப் பார்த்தபோது ஒன்பதரைக் கிலோ காட்டியது, கிட்டத்தட்ட 21 றாத்தல். என் கைக்கு வருவது அவ்வளவுதான்.

அம்பில்தான் நான் பிழை விட்டேன். கடையில் விலை குறைவு என்று 500 ஸ்பைன் கார்பன் அம்பு ஆறு வாங்கினேன். ஸ்பைன் என்பது அம்பு எவ்வளவு வளையும் என்ற கணக்கு. 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்கவைத்து, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் தாழ்வது 500, ஒரு அங்குலம் தாழ்வது 1000. என் 21 றாத்தலுக்கு 500 வெறும் இரும்புக் கம்பி மாதிரி. ஒவ்வொன்றும் இடது பக்கமாகவே போய்க் குத்தியது. இரண்டு மாதம் என் கையைத்தான் பிழை சொல்லிக்கொண்டு சைட்டைத் திருப்பித் திருப்பி வைத்தேன். ஒருநாள் அண்ணா தன்னுடைய 1000 ஸ்பைன் அம்பைத் தந்து எய்யச் சொன்னார். அது நேரே நடுவில் போனது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த சம்பளத்தில் வேறு எதுவும் வாங்காமல் 1000 இல் ஆறு வாங்கினேன்.

மற்றதெல்லாம் சில்லறையாகச் சேர்ந்தது. விரலுக்குப் போடும் தோலை, பழைய மாதிரியைக் காட்டி, சந்தியில் செருப்புத் தைக்கும் ஐயாவிடம் வெட்டுவித்தேன். வில் ஆடாமல் இருக்க முன்னால் நீட்டிப் பூட்டும் ஸ்டெபிலைசர் கம்பியின் நுனிக்குப் பாரம் வேண்டியிருந்தது. பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில் தடித்த வொஷர்கள் வாங்கி, வில் கையில் அமைதியாக நிற்கும் வரை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இந்த இரண்டையும் இன்னும் மாற்றவில்லை. ஆனால் பிளஞ்சரில், அதாவது அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் வைத்த சின்ன ஊசியில், மிச்சம் பிடிக்கக் கூடாது. மலிவானதன் ஸ்பிரிங் ஒரு நாள் ஒரு மாதிரி இருக்கும். ஐந்து மாதம் காசு சேர்த்து ஷிபுயா கம்பெனியின் பிளஞ்சர் வாங்கினேன். கையில் எடுத்து அமர்த்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது.

ஒன்றரை வருடம் கழித்து 28 றாத்தல் லிம்புக்கு ஏறினேன். 24 ஐ இன்னொரு புதுப் பிள்ளை வாங்கிக்கொண்டாள், அதனால் கையை விட்டுப் போனது பாதி விலைதான். 34 இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

போன சனிக்கிழமை 18 மீற்றரில் இறகுள்ள அம்பு மூன்றும் இறகில்லாத அம்பு ஒன்றும் எய்தேன். இறகில்லாதது நாலு விரல் இடதுபக்கம் போனது, அம்பு இன்னும் கொஞ்சம் விறைப்பு. வில்லின் றாத்தல் கொஞ்சம் கூட லிம்ப் ஆணி இரண்டையும் அரைச் சுற்று உள்ளே முடுக்கி, பிளஞ்சரை ஒரு புள்ளி இளக்கினேன். அடுத்த முறை அது மற்ற மூன்றுக்கும் பக்கத்தில், ஒரு விரல் தூரத்தில் குத்தி நின்றது. நான் அதைப் பிடுங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.