கிளிபிகன்-3: ஒரே புரதத்தைக் கொண்டு நெட் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் படித்த விதம்

உயிர்வேதியியலில் முதுநிலைப் பட்டம் முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் கோவை, ஈரோடு, நாமக்கல் பகுதி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லீரல் புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் காணப்படும் கிளிபிகன்-3 என்ற புரதமே என் ஆய்வேட்டின் பொருள். அதை முறையாகப் படித்தபோது, பாடத்திட்டத்தின் நான்காம் அலகில் வரும் செல் சமிக்ஞைகளும் புற்றுநோயும், ஐந்தாம் அலகின் வளர்ச்சி உயிரியலும், பதின்மூன்றாம் அலகின் ஆய்வு முறைகளும் ஒன்றோடொன்று இணைந்து மனத்தில் நின்றன. தனித்தனியாக மனப்பாடம் செய்திருந்தால் அந்தத் தெளிவு எனக்குக் கிடைத்திருக்காது.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எங்கள் துறைக்குப் படிக்க வந்த தங்கை ஒருத்தி, "அக்கா, இது நல்ல புரோட்டீனுங்களா, கெட்ட புரோட்டீனுங்களா?" என்று கேட்டாள். படிப்பைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை என்றே இன்றும் கருதுகிறேன். ஏனென்றால், இந்தப் புரதம் இல்லாமற்போனாலும் வளர்ச்சி மிகுகிறது. தேவையற்ற இடத்தில் மிகுந்தாலும் வளர்ச்சி மிகுகிறது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள இதன் மரபணு பழுதுபட்டால், சிம்சன்–கோலாபி–பெமல் நோய்க்குறியுடன் குழந்தைகள் பிறக்கிறார்கள் என்பது 1996இல் கண்டறியப்பட்டது. அக்குழந்தைகளுக்கு உடல் வளர்ச்சி அளவுக்கு மீறியிருக்கும். சில குழந்தைப்பருவக் கட்டிகள் வரும் வாய்ப்பும் கூடுதல். மறுபுறம், கருவின் கல்லீரலில் இருந்து, பிறந்த பின் ஏறக்குறைய மறைந்துவிடும் இதே புரதம், ஹெப்பட்டோசெல்லுலர் கார்சினோமா எனும் கல்லீரல் செல் புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோரின் கட்டியில் மீண்டும் மிகுதியாகத் தோன்றுகிறது.

இந்த முரணுக்கு விடை தேட, முதலில் ஒரு வெள்ளைத்தாளில் செல் சவ்வை வரைந்துகொள்ளுங்கள். கிளிபிகன்-3 சவ்வை ஊடுருவிச் செல்வதில்லை, ஜி.பி.ஐ. எனப்படும் கொழுப்பு நங்கூரத்தால் வெளிப்புறத்தில் மட்டும் பிணைந்திருக்கிறது. சவ்வை ஒட்டிய பகுதியில் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்துள்ளன. செல்லின் உள்ளே நீளும் பகுதி இல்லாததால் தானாக எந்தச் செய்தியையும் உள்ளே கடத்த இதற்கு வழியில்லை; பிற வளர்ச்சிக் காரணிகளை எங்கே கொண்டு சேர்க்கிறது, எவற்றை விலக்குகிறது என்பதில்தான் இதன் பங்கு அடங்கியிருக்கிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரு தரகர் ஒரு விவசாயியை வியாபாரியிடம் அழைத்துச் சென்று பேரம் முடித்துவைக்கலாம். இன்னொருவரின் சரக்கை வியாபாரியிடம் போகவிடாமல் தாமே வாங்கி வண்டியேற்றியும் அனுப்பலாம். கிளிபிகன்-3 இவ்விரண்டையும் செய்கிறது. டொராண்டோவில் ஹோர்ஹே ஃபில்மஸ் தலைமையிலான குழு, வின்ட் என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் புரதங்களோடு இது சேர்ந்து கல்லீரல் புற்றுச் செல்களின் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று 2005இல் காட்டியது. வின்ட்டின் ஏற்பியான ஃபிரிசில்டோடும் இது பிணைவது பின்னர் தெரியவந்தது. அதே குழு 2008இல், ஹெட்ஜ்ஹாக் என்ற மற்றொரு சமிக்ஞைப் புரதத்தை இது அதன் ஏற்பியான பேட்ச்டுக்குப் போட்டியாகப் பற்றி, செல்லுக்குள் இழுத்துச் சிதைவுக்கு அனுப்புகிறது என்றும் நிறுவியது. கருவில் இந்தத் தடை நீங்கினால் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை ஓங்கி உடல் பெருக்கிறது. கட்டியில் வின்ட் வழி ஓங்கி, அவ்வழியின் செய்தியைக் கடத்தும் பீட்டா-கேட்டினின் என்ற புரதம் உட்கருவில் சேர்ந்து செல் பெருக்கத்துக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது.

நெட் தேர்வின் மூன்றாம் பகுதிக்கு இந்தப் புரிதல் பெரிதும் உதவும். அங்கே 75 வினாக்களில் 25க்கு விடையளிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். பல வினாக்கள் நான்கு கூற்றுகளைத் தந்து எந்தச் சேர்க்கை சரி என்று கேட்பவை. "புற்றுநோயைத் தூண்டும் புரதம்" என்ற ஒற்றை வரியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் அத்தகைய வினாவில் தடுமாறுவார். படிக்கும்போதே, நங்கூரம் அறுபட்டால் என்ன நேரும், சங்கிலிகள் இல்லாவிட்டால் என்ன நேரும் என்று ஒவ்வொரு பகுதியாக நீக்கிப் பார்த்து விடையை எழுதிப் பழகுங்கள். நங்கூரம் பற்றிய கேள்விக்கு ஆய்விலேயே விடை உண்டு: சவ்வில் பிணையாமல் வெளியே சுரக்கும்படி மாற்றப்பட்ட கிளிபிகன்-3, கல்லீரல் புற்றுச் செல்களின் வளர்ச்சியைத் தடுத்ததாக 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. வின்ட்டைப் பற்றிக்கொள்ளும் திறன் இருந்தும், ஏற்பியின் அருகில் கொண்டுசேர்க்க இயலாததால் அது தூண்டுகோலாகாமல் தடையாகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தப் புரதத்தைப் பற்றி ஒரே ஒரு சோதனையை நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது இதுதான்.

நோயறிதல் பகுதியைச் சுருக்கமாகப் படித்தாலே போதும். திசுப் பரிசோதனையில் கிளிபிகன்-3, எச்.எஸ்.பி.70, குளூட்டமின் சிந்தடேஸ் ஆகிய மூன்று புரதங்களில் குறைந்தது இரண்டு நேர்மறையாக இருந்தால் அது புற்றுநோய் என்பதற்கு வலுவான ஆதரவு என்பதையும், சினைப்பையில் வரும் யோக் சாக் கட்டி போன்ற பிற கட்டிகளிலும் கிளிபிகன்-3 தெரியலாம் என்பதையும் மறவாதிருங்கள். சிகிச்சை பற்றிக் கேட்டால் நிதானமாகப் பதில் சொல்லுங்கள். இதை இலக்காகக் கொண்ட கோட்ரிடுசுமாப் என்ற எதிர்ப்பொருள், முற்றிய நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் போலி மருந்தைவிட மேலான பயன் தரவில்லை. அந்த முடிவு 2016இல் வெளியானது. ஆனாலும் இயல்பான கல்லீரலில் இல்லாமல் கட்டியில் மட்டும் மிகுவதால், நோயெதிர்ப்புச் செல்களை மாற்றியமைத்துக் கட்டியைத் தாக்கவைக்கும் கார்-டி செல் சிகிச்சைக்கு ஏற்ற இலக்காக இதைத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார்கள்.

வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும், ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வரிசையைப் பற்றித்தான் துருவிக் கேட்பார்கள். நம் பகுதிக் கல்லூரிகளில் புனேயிலுள்ள தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து ஹெப்-ஜி2 செல்களை வாங்கி, மூலிகைச் சாறு சேர்த்து உயிரோடுள்ள செல்களை அளக்கும் எம்.டி.டி. சோதனை செய்வது வழக்கம். அச்செல்களில் கிளிபிகன்-3 நிறைய உண்டு என்பது உண்மையே. ஆனால் அவை குழந்தைப்பருவக் கட்டியான ஹெப்பட்டோபிளாஸ்டோமாவைச் சேர்ந்தவை என்றே இப்போது கருதப்படுகின்றன. அத்துடன், பீட்டா-கேட்டினின் மரபணுவின் ஒரு பிரதியில் மூன்றாம் எக்ஸானை (புரதக் குறியீடுள்ள துண்டை) உள்ளடக்கிய பகுதி நீங்கியிருப்பதால், அப்புரதம் சிதையாமல் தங்கி, வின்ட் வழி வெளித்தூண்டல் இல்லாமலே இயங்கிக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பில் நடக்கும் வின்ட் தூண்டலை அளக்க விரும்புவோர் இதை மட்டும் நம்பக் கூடாது. பீட்டா-கேட்டினின் பழுதுபடாத ஹூ-7 செல்களையும், கிளிபிகன்-3 இல்லாத எஸ்.கே.-ஹெப்-1 செல்களையும் உடன் வைத்து ஒப்பிட வேண்டும். எஸ்.கே.-ஹெப்-1 செல்கள் கல்லீரல் செல்களிலிருந்து வந்தவை அல்ல, இரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்வகை என்பதால், அந்த ஒப்பீட்டின் எல்லையையும் தேர்வாளர் கேட்பதற்கு முன்பே நீங்கள் எடுத்துச் சொல்லிவிடுங்கள். கல்லூரியில் ஹெப்-ஜி2 தவிர வேறு செல்கள் கிடைக்காத நிலையில், ஆய்வேட்டின் விவாதப் பகுதியில் இக்காரணங்களை ஒரு பத்தியாக எழுதி வைப்பது போதுமான விடையாக ஏற்கப்படும்.