நெல் பணம் கணக்கில் ஏறியாச்சா?

கொள்முதல் பணம் ஏறினால் போதும், கும்பகோணம் பக்கம் "நூற்றுக்கு மாசம் இரண்டு வட்டி" என்று டெபாசிட் கேட்டு ஆள் வந்துவிடுகிறது. ஆண்டுக்கு 24 சதவீதம்! அதை எதில் சம்பாதித்துக் கொடுப்பீர்கள் அண்ணே என்று கேட்டால், டீ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

வங்கியில் வட்டி குறைச்சல்தான். ஆனால் வங்கியே நொடித்தாலும் அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை காப்பீடு உண்டு (2020 வரை வெறும் 1 லட்சம்). ஃபைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்கு அது கிடையாது.

பங்குச் சந்தையும் அடிக்கும். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் (மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு), அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. 2010 தீபாவளிக்குத்தான் திரும்ப 21,000. அதுவரை காத்திருக்க முடிந்தவர் தப்பினார். நடவுக்கூலிக்கும் பிள்ளை ஃபீசுக்கும் அந்தப் பணத்தையே நம்பியவர் அடிமாட்டு விலைக்கு விற்றார். இரண்டு பேரும் வாங்கியது ஒரே பங்காக இருந்தாலும் கதை இதுதான்.

மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத வருஷங்களைப் பார்த்தவர்கள் நாம். அதனால் ஒரு போகச் செலவு தனியாக வங்கியில். அப்புறம் நகைக்கடன் அடைப்பு. மீதி இருந்தால் இண்டெக்ஸ் ஃபண்ட் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்). அம்மா மட்டும் அந்த மீதிக்கும் நிலம்தான் வாங்கணும் என்கிறார். சரி, அந்தப் பஞ்சாயத்து இன்னும் ஓடுகிறது.