ஸ்டென்ட் வைத்தவர் மலைக்குப் போகலாமா?

கன்சாஸ் மாநிலத்தின் மேற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் உள்ள ஒரு சிறிய ஊரில் இதய மருத்துவராக வேலை பார்க்கிறேன். நவம்பர் பிறந்துவிட்டால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டாக்டர், பேரப் பிள்ளைகளோடு கொலராடோவுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறோம். நான் போகலாமா?" கேட்பவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும், ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஒரே நாளில் மலை வந்துவிடும் என்பதால் இங்கே பல குடும்பங்களுக்கு அது வருடாந்தர வழக்கம்.

நான் மதுரையில் எம்.பி.பி.எஸ். படித்தவன். உயரமான இடங்களில் உடல் எப்படி வேலை செய்கிறது என்பது அங்கே உடலியல் பாடத்தில் ஓர் ஓரமாக வந்து போனது. அதற்குப் பிறகு படித்ததும் வேலை பார்த்ததும் எல்லாம் சமவெளியில்தான். அந்தக் கேள்விக்குப் பாதுகாப்பான பதில் "வேண்டாம்" என்பதுதான். ஆனால் நன்றாக நடமாடும் ஒரு மனிதரிடம் காரணம் இல்லாமல் அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்னோமாஸ் மாநாட்டுக்குப் போக முடிவு செய்ததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

ஸ்னோமாஸ், கொலராடோவில் ஆஸ்பென் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் பனிச்சறுக்கு ஊர். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் கார்டியாலஜி என்ற இதய மருத்துவர்கள் அமைப்பு அங்கே நெடுங்காலமாக ஜனவரியில் ஒரு தொடர்கல்வி மாநாடு நடத்திவருகிறது. விடியற்காலையிலேயே உரைகள் தொடங்கிவிடும். முற்பகலில் கலைந்து, சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்ட்கள் நிற்கிற மாலை நேரத்தில் மறுபடி கூடுவார்கள். நடுவில் உள்ள நேரம் மலைக்கு.

படிப்பு என்ற பெயரில் உல்லாசம் என்று சிலர் இதைச் சொல்வார்கள். அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களைக் கடற்கரைக்கும் மலைக்கும் கூட்டிப்போன காலம் ஒன்று இருந்தது, அது தொழிலுக்குக் கெட்ட பெயரைத்தான் தந்தது. இப்போது சிஎம்இ கிரெடிட் (மருத்துவர்களுக்கான தொடர்கல்வி மதிப்பெண்) தரும் நிகழ்ச்சியில் தலைப்பையோ பேச்சாளரையோ நிறுவனங்கள் தீர்மானிக்க முடியாது. எந்த மருத்துவருக்கு எந்த நிறுவனம் என்ன கொடுத்தது என்பது 2014 முதல் அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கிறது. நான் என் பணத்தில் போனேன், எல்லா அமர்விலும் உட்கார்ந்தேன். அப்படிப் போகிற யாரும் வெட்கப்படத் தேவையில்லை என்பது என் கருத்து.

இடைவேளை நீளமாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு. பெரிய நகர மாநாடுகளில் பேச்சாளர் முடித்ததும் விமானத்துக்கு ஓடிவிடுவார். இங்கே அவர் நம்மோடு அதே லிஃப்டில் உட்கார்ந்திருப்பார். மேடையில் "வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது" என்று முடித்தவரிடம், "சரி, உங்கள் நோயாளிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம். தனியாக வேலை பார்க்கும் என்னைப் போன்ற ஒருவருக்கு அந்த உரையாடல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம்.

அந்த ஜனவரியில் எல்லார் வாயிலும் இஸ்கீமியா ஆய்வுதான். முடிவுகள் 2019 நவம்பரில் வெளியாகியிருந்தன. 37 நாடுகளில் 5,179 நோயாளிகள், எல்லாரும் நிலையான, அதாவது திடீரென மோசமாகாத, இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். மருந்தோடு ஆஞ்சியோ செய்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்பது ஒரு வழி. முதலில் மருந்து மட்டும் என்பது இன்னொரு வழி. மரணம், மாரடைப்பு போன்றவற்றின் மொத்தக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர்களுக்கு முதல் வழியில் வலி நன்றாகக் குறைந்தது. இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தவர்களையும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களையும் ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் பேசியவர்கள் விடாமல் சொன்னார்கள். என் ஊரில் ஆஞ்சியோவுக்கு ஒருவரை அனுப்புவது என்றால் அவருடைய மகனோ மகளோ வேலைக்கு லீவு போட்டு, மணிக்கணக்காக வண்டி ஓட்டவேண்டும். முதலில் மருந்தைச் சரியாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று தைரியமாகச் சொல்ல எனக்கு அந்த விவாதம் உதவியது.

மலையைப் பற்றிய பாடம் முதல் இரவே தொடங்கிவிட்டது. ஸ்னோமாஸ் கிராமம் ஏறத்தாழ 8,100 அடியில் இருக்கிறது, உச்சி 12,510 அடி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் 8,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். பொட்டலமாகக் கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தது. தூக்கத்தில் நான் நாலைந்து முறை ஆழமாக மூச்சு வாங்கி, பிறகு சில நொடிகள் மூச்சே இல்லாமல் இருந்து, மறுபடி தொடங்குவதாக மனைவி பயந்துபோய் எழுப்பினாள். இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நான் பார்த்திருக்கும் அதே ஏற்ற இறக்க மூச்சு. மலையில் ஆரோக்கியமானவர்களுக்கும் அது வரும். அந்த இதயச் செயலிழப்பு நோயாளிகளின் குடும்பத்தார் இரவெல்லாம் எதைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இந்தப் பள்ளத்தாக்குக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1938-லும் 1953-லும் கே2 சிகரத்துக்குக் குழு கூட்டிப்போன சார்லஸ் ஹூஸ்டன், பிறகு ஆஸ்பெனில் மருத்துவராக இருந்தார். மலைக் கணவாயைப் பனிச்சறுக்குப் பலகையில் கடக்கப் போன ஓர் இளைஞர் நுரையீரலில் நீர் கோத்து அவரிடம் வந்தார். அப்போது இப்படி வருகிறவர்களுக்கு நிமோனியா அல்லது இதயக் கோளாறு என்றே முத்திரை குத்துவார்கள். இது இரண்டும் இல்லை, உயரம் உண்டாக்கும் நுரையீரல் நீர்க்கோவை என்று ஹூஸ்டன் 1960-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார். அதே இதழில் 1969-இல், இமயமலையில் பணியாற்றிய 1,925 இந்தியப் படைவீரர்களுக்கு உயரத்தால் வந்த மலை நோயைப் பற்றி இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் எழுதினார்கள். 1962 போரில் பழக்கமில்லாத உயரத்துக்கு அவசரமாக அனுப்பப்பட்ட நம் வீரர்கள் பட்ட பாட்டுக்குப் பின் வந்த கட்டுரை அது. இதை நாம் இந்தியாவில் இன்னும் உரத்துச் சொல்லிக்கொள்ளவேண்டும்.

என் கேள்விக்கான பதில் மேடையில் பாதியும் மலையில் பாதியும் கிடைத்தது. உயரத்துக்குப் போன முதல் சில நாட்கள் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடும். குளிர் ரத்தக்குழாய்களை இன்னும் சுருக்கும். அதன் மேல், வருடம் முழுவதும் நாற்காலியில் இருந்தவர் திடீரென்று முழு மூச்சாகச் சறுக்குகிறார். ஆஸ்திரியாவில் மார்ட்டின் பர்ட்ஷரின் குழு பல ஆண்டுகளாகச் சேர்த்த தகவல்படி, சரிவுகளில் திடீரென இறப்பவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டிய ஆண்கள். முன்பே மாரடைப்பு வந்திருப்பதும், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாததும் ஆபத்தைக் கூட்டுகின்றன. முதல் நாள்தான் மோசமான நாள். லிஃப்டின் உச்சியில் இருந்த மீட்புக் குழுக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அதிர்வு கொடுக்கும் ஏஇடி கருவியைக் காட்டிவிட்டு, "வந்த முதல் நாள், மதியத்துக்கு முன்னால், தலை நரைத்த மனிதர்கள்" என்றார். ஆய்வுக் கட்டுரை எதையும் அவர் படித்திருக்கவில்லை.

இப்போது என் நோயாளிகளிடம் நான் முதலில் கேட்பது, "இங்கே நம் ஊரில் நிற்காமல் எவ்வளவு தூரம் வேகமாக நடக்கிறீர்கள்?" என்பதுதான். டிரெட்மில்லில் நன்றாகச் செய்து, வலி இல்லாமல், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குப் போகலாம் என்கிறேன். போகும் வழியில் 5,280 அடி உயர டென்வரில் ஓர் இரவு தங்கச் சொல்கிறேன். மேலே போன முதல் நாள் நடை மட்டும், அன்றிரவு மது வேண்டாம். நாக்கின் கீழே வைக்கும் நைட்ரோகிளிசரின் உள்சட்டைப் பையில் இருக்கவேண்டும், விறைத்த விரல்களால் கனத்த கோட்டுக்குள் தேட முடியாது. மலை நோய்க்கு அசெட்டசோலமைட் கேட்கிறவர்களிடம், அதுவும் நீர் பிரிக்கும் மருந்து என்பதால், ஏற்கெனவே நீர் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியவர், இதயச் செயலிழப்பு கட்டுக்குள் வராதவர், நெஞ்சுவலி சமீபத்தில் அதிகமானவர் என்றால் வேண்டாம் என்கிறேன். இப்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது.

பெண்கள் கேட்கும்போதுதான் இன்னும் தடுமாற்றம். அந்த ஆஸ்திரியக் கணக்குகளில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். இதைக் கேள்வி நேரத்தில் எழுப்பினேன். பேச்சாளர் சுற்றிவளைக்காமல், "பெண்களுக்கென்று போதுமான தரவு நம்மிடம் இல்லை" என்றார். மாரடைப்பிலிருந்து மீண்ட, மகளோடு சரிவில் இறங்கவேண்டும் என்று ஆசைப்படும் ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் வருகிறார். அவருக்கும் நடைதூரம், டிரெட்மில், டென்வரில் ஓர் இரவு என்று அதே அறிவுரைதான். இவை ஆண்களைப் பார்த்து எடுத்த கணக்குகள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.