பழைய ஆபரேஷன் சீட்டு எங்கே?

கருத்தடை ஆபரேஷனில் அடைத்த கருக்குழாயை மறுபடி இணைக்கும் ரீகேனலைசேஷனுக்கு வரும் பெண்களிடம் தியேட்டர் நர்ஸான நான் முதலில் கேட்டது வயதை அல்ல. "முன்னாடி பண்ணின ஆபரேஷன் சீட்டு இருக்காம்மா?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் இருக்காது. "பிரசவம் ஆன கையோட பண்ணிட்டாங்க சிஸ்டர், சீட்டெல்லாம் எங்க போச்சோ" என்பார்கள். மறுபடி கரு தங்குமா என்ற கேள்விக்கான பதிலில் பெரிய பங்கு அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. இன்று இணைக்கப்போகும் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அன்று வெட்டியவர் மிச்சம் வைத்ததை வைத்துத்தான் அவர் வேலை செய்ய முடியும்.

கருக்குழாயின் நீளமே சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர்தான். நடுவில் மடக்கிக் கட்டி வெட்டி எடுத்திருந்தால் அதில் சில சென்டிமீட்டர் போயிருக்கும். கிளிப் போட்டிருந்தால் நசுங்கியது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு; இணைப்பதற்கு இதைவிட நல்ல குழாய் கிடைக்காது. ரிங் போட்டதும் பரவாயில்லை. மின்சாரத்தால் சுட்டிருந்தால்தான் கஷ்டம், எதுவரை கருகியது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. முட்டையைப் பிடித்து உள்ளே அனுப்பும் விரல் போன்ற நுனியை வெட்டியிருந்தால் வாய்ப்பு மிகவும் குறைவு. இப்போது சினைப்பைப் புற்றுநோய் அபாயம் குறையும் என்பதற்காகக் குழாயை முழுதாகவே எடுத்துவிடும் வழக்கமும் கூடிவருகிறது. அவர்களுக்கு இணைக்க எதுவும் இல்லை, முட்டையை வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப்தான் வழி. இணைத்த பிறகு குழாய் 4 சென்டிமீட்டருக்கு மேல் தேறினால் நம்பிக்கையோடு இருக்கலாம் என்பது தியேட்டரில் எல்லோரும் வைத்திருந்த கணக்கு.

இந்த ஆபரேஷனுக்குத் தட்டு எடுத்து வைப்பது எனக்குப் பிடிக்கும். அவசரமே கூடாத வேலை. கையுறையில் பவுடர் ஒட்டியிருந்தால் வயிற்றுக்குள் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் அதில் நான் கறார். குழாய் உலரவே கூடாது, சலைன் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடைபட்ட தழும்பை டாக்டர் மெல்ல மெல்லச் சீவி எடுப்பார், நல்ல சிவப்புத் திசு தெரியும் வரை. கருப்பைப் பக்கத்துத் துண்டில் துளை ஒரு மில்லிமீட்டர் கூட வராது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டு, 8-0 என்ற முடியைவிட மெல்லிய நூலால் நாலைந்து தையல். உள் சவ்வில் ஊசி படாமல் தசையை மட்டும் பிடிக்க வேண்டும். அப்புறம் கருப்பை வழியாக நீலச் சாயம் செலுத்துவோம். குழாயின் நுனியில் நீலம் வழிந்தால் வழி திறந்துவிட்டது. அந்த நேரத்தில் தியேட்டரில் யாரும் பேச மாட்டோம். நீலம் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம்.

வழி திறந்தது என்பதற்குக் கர்ப்பம் உறுதி என்று அர்த்தமில்லை. குழாயை எவ்வளவு அழகாகத் தைத்தாலும் முட்டையின் வயது குறையாது. முப்பதுகளின் தொடக்கத்தில் வருபவருக்கும் 40 தாண்டி வருபவருக்கும் பலனில் பெரிய வித்தியாசம் உண்டு.

கணவரின் விந்துப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துவிட வேண்டும். "எனக்கு எதுக்கு டெஸ்ட், ஏற்கெனவே பிள்ளை பெத்தவன்தானே" என்று முறைத்த ஆண்கள் நிறைய. எண்ணிக்கை ரொம்பக் குறைவு என்று வந்தால் அந்தப் பெண்ணின் வயிற்றைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, நேராக ஐவிஎஃப் பக்கம் போகலாம். இளம் வயது, நல்ல நீளமான குழாய், ஒன்றுக்கு மேல் பிள்ளை ஆசை என்றால் நான் இணைப்பின் பக்கம்தான். ஒருமுறை செய்தால் மாதாமாதம் இயல்பாகவே முயற்சி செய்யலாம். வயது கூடிவிட்டால் காத்திருக்க நேரமில்லை, ஐவிஎஃப் மேல்.

இன்னொன்று. "அன்னிக்கே யோசிச்சிருக்கக் கூடாதா?" என்று இந்தப் பெண்களிடம் கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். மறுமணம் நடக்கிறது, பிள்ளை இறந்துபோகிறது. இதையெல்லாம் யார் முன்கூட்டி யோசிக்க முடியும்? அமெரிக்காவில் கிரெஸ்ட் என்ற ஆய்வு, கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களை 14 ஆண்டுகள் வரை தொடர்ந்து விசாரித்தது. ஆபரேஷனின்போது 30 வயதோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் சுமார் 20 சதவீதம் பேர் பின்னாளில் வருந்தினார்கள். அதற்கு மேற்பட்ட வயதினரில் சுமார் 6 சதவீதம்தான். கேள்வி கேட்க வேண்டுமானால், அவ்வளவு சின்ன வயதில் நிரந்தர வழியை மட்டும் காட்டியவர்களைக் கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது, கரு கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிடும் குழாய்க் கர்ப்பத்தைப் பற்றி. பொதுவாக அது நூறு கர்ப்பத்தில் 1 அல்லது 2. இணைத்த குழாயில் அதைவிடப் பல மடங்கு அதிகம், ஏனென்றால் தையல் போட்ட இடத்தில் கரு தங்கிவிடலாம். அதனால் நாள் தள்ளிப்போனால் சந்தோஷத்தில் காத்திருக்காமல் உடனே ரத்தப் பரிசோதனை, அப்புறம் டாக்டர் சொல்லும் நாளில் ஸ்கேன். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல் வந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக "எனக்குக் குழாய் இணைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று சொல்லுங்கள். அங்கே இருக்கும் டாக்டருக்கு உங்களை முன்பின் தெரியாது.